முப்பிடாதியின் காலில் நின்ற அண்ணாச்சி

தங்கப்பழம் அண்ணாச்சியின் இரண்டு கால்களும் அவரைக் கைவிட்டு, அவருடைய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை எடுத்துப்போடும் முப்பிடாதியிடம் போய்ச் சேர்ந்தபோது, நல்லாம்பேட்டையில் வெயில் வழக்கம்போல அடித்தது, கரண்ட் வழக்கம்போலப் போனது, எதிர்த்த டீக்கடையில் வடை வழக்கம்போல ஆறிப்போயிருந்தது. ஆகவே அன்றைக்கு விசேஷம் எதுவும் நடக்கவில்லை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கால்கள் என்றால் எலும்பும் சதையும் அல்ல. அவை எட்டுமுழ வேட்டிக்குள் பத்திரமாக இருந்தன. போனது வேறு. இது என் கால், இதில் கொசு கடிக்கிறது, இது மரத்துப்போயிருக்கிறது என்று மனிதன் நினைக்காமலேயே நினைத்துக்கொண்டிருக்கிற அந்த நினைப்புதான் போனது.

உடம்பு என்பது பிறக்கும்போதே நம் பெயருக்குப் பத்திரம் பதிந்து கிடைத்த சொத்து என்று நம்புகிறோம். இதை ஆராய்ந்தவர்கள் அப்படி நம்புவதில்லை. ஒருவனுடைய கையை மறைத்துவிட்டு, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் தூரிகையால் வருடிக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் ரப்பர் கைதான் தன் கை என்று அவனுடைய மூளை ஒத்துக்கொள்ளும். பிறகு ரப்பர் கைமேல் சுத்தியலை ஓங்கினால் அவன் பதறிப்போவான். மூளைக்கு உடம்பு என்பது ஒரு வதந்தி, அவ்வளவுதான். கண்ணும் தோலும் ஒரே மாதிரிச் சாட்சி சொன்னால் அது எந்த வதந்தியையும் நம்பும், நம்முடைய ஊர்க்காரர்களைப் போலவே.

தங்கப்பழம் சில்க்ஸ் மூன்று மாடி. உள்ளே நுழைந்தால் குளிர்காற்று, பெரியவர்களுக்குப் பன்னீர் சோடா, பிள்ளைகளுக்குப் பலூன். அங்கே இல்லாத ஒரே பொருள், வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு முக்காலி. கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை அவர்கள் நின்றார்கள். நின்று விரித்தார்கள், நின்று மடித்தார்கள், படிக்கட்டுக்குப் பின்னால் நின்றபடியே சோறு தின்றார்கள். "நீ உக்காந்தா யாபாரம் உக்காந்துரும்" என்பதுதான் அண்ணாச்சி வேலைக்குச் சேர்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாள் உபதேசிக்கிற வேதம். பெயரைக் கேட்பதில்லை. பட்டுப் பிரிவில் நின்றால் அவள் பட்டு, நைட்டிப் பிரிவில் நின்றால் அவள் நைட்டி. பிரிவு மாறினால் பெயரும் மாறும்.

ப்ளவுஸ் பிட் என்று அவர் கூப்பிட்ட ஒரு பெண் இருந்தாள். அவள் உண்மைப் பெயரை இப்போது சொல்லமாட்டேன். ஊரில் யாருமே சொல்லாதபோது நான் மட்டும் முந்திரிக்கொட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பது நன்றாயிருக்காது. அவள் வயிற்றில் பிள்ளையோடு தீபாவளிக் கூட்டத்தில் நின்றாள். கால் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. "அண்ணாச்சி, கால் எரியுது. ஒரு நிமிசம் உக்காந்துக்கிடட்டுமா?" என்று கேட்டாள். அண்ணாச்சி கல்லாவில் நோட்டைப் பிரித்தபடி வேதத்தை ஓதினார். பக்கத்தில் நின்ற முப்பிடாதி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தூணைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவள் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். பிள்ளை நிற்கவில்லை. சிவப்பு விரிந்தபோது அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான்: "கஸ்டமர் வரதுக்குள்ள அந்தக் கம்பளத்த மாத்துங்க." மறுநாள் வேறொரு பெண் வந்தாள், கம்பளமும் புதிது, அவளையும் ப்ளவுஸ் பிட் என்றே கூப்பிட்டார்.

முப்பிடாதி மறுநாளும் பட்டுப் பிரிவில் வந்து நின்றாள். அதன் பிறகு, வாடிக்கையாளர்களிடம், "இந்த மாம்பழக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்க்கா" என்று சொல்வதைத் தவிர அவள் வாயைத் திறந்தே யாரும் பார்க்கவில்லை.

பிறகுதான் அந்த முகப்பெட்டி வந்தது. கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். கண்ணை முழுக்க மூடுகிற அந்தக் கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு ஒரு பெண்மணி குனிந்து பார்த்தால், தன் உடம்பு தெரியாது. எதிரே சேலை கட்டி நிற்கிற இன்னொருத்தியின் நெற்றியில் கட்டிய கேமராவுக்கு எது தெரிகிறதோ அது தெரியும், அதாவது அந்த இன்னொருத்தியின் வயிறும் காலும் கொசுவமும் தன்னுடையதுபோல. கூடவே இருவர் உடம்பிலும் ஒரே சமயத்தில், ஒரே இடத்தில், மயிலிறகால் வருடுவார்கள். கொஞ்ச நேரத்தில் எண்பது கிலோ பெண்மணி தான் கொடிபோல இருப்பதாக மனதார உணர்ந்து, அந்தச் சந்தோஷத்தில் மூன்று சேலை எடுப்பாள். இதற்கு மாடலாக நெட்டையான முப்பிடாதியை நிறுத்தினார்கள். நிற்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

முதலில் மாட்டிப் பார்ப்பது முதலாளியாக இருப்பதுதான் முறை என்று அண்ணாச்சி நல்ல நேரம் பார்த்து மாட்டிக்கொண்டார். "ஏ, நல்லாத்தான்யா இருக்கு! நம்ம காலே பட்டுச்சேல கட்டுனாப்ல இருக்கு!" என்று அவர் சிரித்துக்கொண்டிருக்கையில், மயிலிறகு இரண்டு முழங்காலிலும் ஒரே நேரத்தில் இறங்கிக்கொண்டிருக்கையில், கரண்ட் போனது. பெட்டியைக் கழற்றினார்கள். கண் திரும்பிவிட்டது. கால் திரும்பவில்லை.

காரணம் கரண்ட் என்றார் கம்பெனிக்காரர். மயிலிறகு என்றார் பூசாரி. கடன் வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அண்ணாச்சிக்கு என்றைக்கு இருந்தது என்றார் டீக்கடைச் சுடலைமாடன். காரணத்தைப் பற்றி அதற்குமேல் ஊரில் யாரும் மெனக்கெடவில்லை.

அன்று மாலை அண்ணாச்சி கல்லாவில் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தபடியே, "யாரோ என் காலுக்குள்ள ஈயத்தக் காய்ச்சி ஊத்துதாவ" என்று கதறினார். டாக்டர் வந்து பார்த்தார். கால் குழந்தையின் காலைப்போல வழவழவென்று இருந்தது. உள்ளங்காலில் ஊசியால் குத்தினார். அண்ணாச்சிக்குத் தெரியவே இல்லை. அதே சமயம் மேல்மாடியில் முப்பிடாதி ஒரு மரப்பெட்டியில் கட்டைவிரலை இடித்துக்கொண்டாள், அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்தது கீழே அண்ணாச்சிக்கு. அவர் போட்ட கூச்சலில் ஒரு பலூன் வெடித்தது. முப்பிடாதி படிக்கட்டில் இறங்கிவந்து, ரத்தம் வழிகிற தன் விரலையும், விரலைப் பிடித்துக்கொண்டு துடிக்கிற முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, ஒரு கணக்கைச் சரிபார்ப்பவள்போல, வலது குதிகாலால் தன் இடது பெருவிரலை நிதானமாக மிதித்தாள்.

"ஐயோ அம்மா!" என்றார் அண்ணாச்சி.

முப்பிடாதி சிரித்தாள். அவளுக்குத் தெற்றுப்பல் உண்டு என்பது கடையில் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் பட்டுப் பிரிவின் நடுவே வெல்வெட் மெத்தை போட்ட நாற்காலி ஒன்று வந்து நின்றது. கல்யாண மேடைக்கு வாடகைக்கு விடுகிற, சிங்கமுகம் வைத்த நாற்காலி. அண்ணாச்சியே அதைத் துண்டால் தட்டினார்.

"உக்காரும்மா."

"இருக்கட்டும் அண்ணாச்சி. நின்னே பழகிப்போச்சு."

"சொன்னாக் கேளு தாயி, ஒரு பத்து நிமிசம் உக்காரு."

"நான் உக்காந்தா யாபாரம் உக்காந்துருமே அண்ணாச்சி."

அண்ணாச்சி அவளை வேலையை விட்டு நிறுத்தினார். அவள் கடைக்கு எதிரே, நிழலே இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தார்ரோட்டில் நின்றாள். சுடலைமாடன் மோர் கொடுத்து உபசரித்தார். உச்சிவெயில் ஏறுவதற்குள் அண்ணாச்சி ஆள் அனுப்பி அவளை மறுபடி வேலைக்குச் சேர்த்தார். குற்றாலத்துக்கு ஓடிப்போய் அருவியில் நின்று பார்த்தார்; இடுப்புக்கு மேலே குளிர்ந்தது, கீழே நல்லாம்பேட்டை. கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, முகப்பெட்டியைத் திரும்ப மாட்டி, கால்களைத் திருப்பி வாங்கப் பார்த்தார். அதற்கு முப்பிடாதி வந்து எதிரே நிற்கவேண்டும். "நிக்கத்தான் வேணுமா? கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்" என்றாள், உட்காரவும் இல்லை, வரவும் இல்லை.

நல்லாம்பேட்டை இந்த அதிசயத்துக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. புதிய பஸ் வழித்தடத்துக்குக்கூட நாங்கள் இவ்வளவு சீக்கிரம் பழகியதில்லை. முப்பிடாதி நடக்கும் வழியில் கண்ணாடிச் சில்லு கிடந்தால் அண்ணாச்சியின் ஆட்கள் ஓடிவந்து பொறுக்கினார்கள். அப்படி எங்கள் தெருக்கள் முதன்முறையாகச் சுத்தமாயின. அண்ணாச்சிமேல் மனத்தாங்கல் இல்லாத வீடு ஊரில் குறைவு. ஆகவே அவளிடம் ஆட்கள் மனுக்கொடுக்க வந்தார்கள். அவர் கடையைக் காலிசெய்ய வைத்த தையல்காரர் வந்து, "ஒருநா மட்டும் மலைக்கோயில் படி ஏறிட்டு வாயேன்" என்று கேட்டார். நைட்டிப் பிரிவுப் பெண் வந்து, "யக்கா, ஹை ஹீல்ஸ் போடுக்கா" என்றாள். செருப்புக்கடைக்காரர் தன் கடையிலேயே உயரமான ஜோடியை எடுத்துக் கொடுத்தார். முப்பிடாதி அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்த அந்தச் சாயங்காலம், தேரோட்டத்துக்கு நிற்கிற மாதிரி இருபுறமும் கூட்டம் நின்றது. ஒவ்வொரு 'டக்'குக்கும் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு 'ஐயோ' வந்தது. பிள்ளைகள் அதற்குத் தாளம் போட்டார்கள். கடைத்தெருவின் மற்ற முதலாளிகள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், ஆளுக்கு நாலு முக்காலி வாங்கிப்போட்டார்கள். கேட்டால், சும்மா கிடக்கட்டும் என்றுதான் என்றார்கள்.

அண்ணாச்சியின் மனைவி பொன்னுக்கிளி ஒருநாள் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு முப்பிடாதி வீட்டு வாசலில் வந்து நின்றார். காலைப் பிடித்துவிட அனுமதி கேட்டார். முப்பிடாதி ஆச்சியை உட்காரச் சொல்லி, தான் நின்றபடியே காலைக் காட்டினாள். கெண்டைக்காலில் நரம்புகள் பச்சைப் புழுக்களாகச் சுருண்டு கிடந்தன. ஆச்சி தொட்டுப் பார்த்தார். பிறகு, "இத வச்சுக்கிட்டா எங்கடையில நின்ன?" என்றார். கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு, எண்ணெய் தேய்க்காமலே எழுந்து போனார். வீட்டில் அண்ணாச்சி ஆவலோடு காத்திருந்தார். "தேச்சியா? ஒண்ணும் சொகமாத் தெரியலையே" என்றார். "கெடங்க" என்றார் ஆச்சி.

எல்லாப் பழிக்கும் ஒரு விலை உண்டு, இதற்கும் இருந்தது. முப்பிடாதிக்குத் தன் காலில் வலி தெரியாது என்றால், வேறெதுவும்கூடத் தெரியாது. ஒருநாள் காலில் ஆணி ஏறியது அவளுக்கு அண்ணாச்சி ஆள் அனுப்பிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. வேலை முடிந்து ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு நிற்பது அவளுக்கு இருந்த ஒரே சுகம். இப்போது நனைத்தால் அந்தக் குளிர்ச்சி அண்ணாச்சிக்குப் போய்விடும். ஆகவே அவள் ஆற்றுப்பக்கம் போவதையே விட்டாள். புல்லில் நடப்பதை விட்டாள். பூனைக்குட்டி காலில் உரச வந்தால்கூட, "போ சனியனே, அந்தாளுக்கா சொகம் குடுக்க?" என்று விரட்டினாள்.

கடைசியில் அண்ணாச்சி அவள் முன்னால் கைகூப்பினார். கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒனக்கு என்னதாம்மா வேணும்? வாயத் தொறந்து கேளு."

"ஒரு பேரு வேணும் அண்ணாச்சி."

"என்ன பேரு?"

"கம்பளத்த மாத்தச் சொன்னீயல்லா, அன்னைக்கு நின்னவ பேரு. நீங்களாச் சொல்லணும். சொன்ன நிமிசம், எங்க நிக்கனோ அங்கனயே உக்காந்துருவேன். அம்மன் சத்தியம்."

அண்ணாச்சி நிம்மதியாகச் சிரித்தார். ஒரு பெயர்தானே. கணக்கப்பிள்ளையைக் கேட்டார், அவர் ப்ளவுஸ் பிட் என்றார். வாசலில் நின்ற காவலாளியைக் கேட்டார். அவருக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. டீக்கடைக்கு ஆள் அனுப்பினார். சுடலைமாடன் டீயை உயரத் தூக்கி ஆற்றியபடி, "பேரா? நீங்க கூப்பிட்டதுதான அவ பேருன்னு நாங்க நெனச்சிக்கிட்டு இருக்கோம்" என்றார். அந்தப் பெண் ஊரைவிட்டு எங்கும் போய்விடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லிக்கடை போட்டிருந்தாள். ஊர் முழுக்க அவளிடம் இட்லி வாங்கித் தின்றது, பெயர் சொல்லிச் சட்னி கேட்டது. அண்ணாச்சியின் ஆட்கள் பக்கத்தில் வந்தால் மட்டும் எல்லோரும் "ஏம்மா, இங்க ரெண்டு" என்றார்கள். அமாவாசைக்குக்கூட ஒன்றுசேராத ஊர், ஒரு பெயரைச் சொல்லாமலிருப்பதில் அப்படி ஒன்றுசேர்ந்தது. அண்ணாச்சி தினமும் கடைக்கு வந்து குத்துமதிப்பாக எறிந்து பார்த்தார். "செல்வி? பேச்சித்தாயா? முத்துமாரி?" முப்பிடாதி தலையை ஆட்டிவிட்டு, காலை மாற்றி நின்றாள்.

சித்திரையில் அம்மன் கோயிலில் கொடி ஏறியது. பூக்குழி இறங்குகிறவர்கள் வரிசையில் நின்று மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டார்கள். அந்த வரிசையில் முப்பிடாதி நின்றாள்.

செய்தி கேட்ட அண்ணாச்சி, இரண்டு பேர் தாங்க, கோயில் கமிட்டியிடம் வந்தார். அவளைத் தடுக்கவேண்டும் என்றார். கமிட்டித் தலைவர் விபூதியை நீட்டி, "கையில காப்பு ஏறியாச்சு அண்ணாச்சி. இனி அவ அம்மன் ஆளு. நம்ம கடை ஆளுன்னு கூப்பிட முடியாதுல்லா" என்றார். "நெருப்புய்யா! நெருப்பு!" என்றார் அண்ணாச்சி. "அவளுக்கு ஒண்ணும் தெரியாதாம், விசாரிச்சிட்டோம்" என்றார் தலைவர், ஆறுதலாக.

பூக்குழியன்று பொழுது சாயும் நேரத்தில் ஊர் மொத்தமும் கோயில் திடலில் இருந்தது. புளியங்கட்டையும் வேலாங்கட்டையும் எரிந்து, கங்காகி, அதைத் தட்டி விரித்துச் சமப்படுத்தியிருந்தார்கள். அது மாம்பழக் கலர் பட்டை உதறி விரித்ததுபோல இருந்தது. அன்றைய திருவிழாச் செலவை ஏற்ற கட்டளைக்காரர் என்ற முறையில் அண்ணாச்சிக்கு முன்வரிசையில் நாற்காலி. உருமி உறுமியது. காப்புக் கட்டியவர்கள் ஒவ்வொருவராக ஓடி இறங்கினார்கள். குழியில் நிற்கக்கூடாது, ஓடவேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த ஒரே நுணுக்கம். கடைசியில் முப்பிடாதி வந்தாள். அவள் ஓடவில்லை. ஒரு நல்ல வாடிக்கையாளருக்கு விலை உயர்ந்த சேலையை எடுத்துவரப் போகிறவள்போல நடந்தாள்.

முதல் காலை வைத்தாள்.

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்து, "எரியுது! கால் எரியுது!" என்று அலறினார். அலறியவர் சட்டென்று நின்றார். அந்த வார்த்தை அவருடைய வாயில் புதிதாக இருந்தது, காதில் பழையதாக இருந்தது. இதே வார்த்தையை வேறொரு வாய் அவரிடம் சொல்லியிருக்கிறது. அவர் நோட்டைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். தீபாவளி, கூட்டம், தூண், உப்பிய கால், மூச்சு வாங்குகிற ஒரு முகம். கங்குமேல் நடந்துகொண்டிருந்த இந்தக் கால் வழியாக அந்த முகம் மேலேறி வந்தது, கண்வரைக்கும் வந்தது. அதற்குப் பின்னாலேயே, அந்த முகத்தைப் பார்த்து முப்பிடாதி கூப்பிட்ட ஒரு குரலும் வந்தது. அன்றைக்கு அவர் கேட்கவில்லை என்றுதான் நினைத்திருந்தார். காது கேட்டு வைத்திருந்தது.

"சந்தனமாரி!" என்று கத்தினார் அண்ணாச்சி. "ஏ தாயி, சந்தனமாரி! அவ பேரு சந்தனமாரி!"

உருமி நின்றது. கூட்டத்தின் ஓரத்தில் இட்லித்தட்டோடு நின்றிருந்த ஒருத்தி தலையைத் தூக்கினாள். முப்பிடாதி பூக்குழியின் நட்டநடுவில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் அவள் கொடுத்த வாக்கு முழுசாக ஞாபகம் வந்தது.

"வேண்டாம்" என்றார். "வெளியே வந்து... வெளியே வந்து உக்காரு..."

"அம்மன் சத்தியம்லா அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதி, மரியாதையாக. சேலையை ஒதுக்கிக்கொண்டு, நல்ல சம்மணம் போட்டு, அங்கேயே உட்கார்ந்தாள்.

அண்ணாச்சி போட்ட சத்தம் பக்கத்து ஊர்த் தேர்வரைக்கும் கேட்டதாக அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். முப்பிடாதிக்கு ஒன்றும் ஆகவில்லை; சேலை ஓரத்தில் ஒரு பொட்டு கருகியது. அதற்காக யாரும் வியக்கவில்லை, காப்புக் கட்டியவளுக்கு அம்மன் துணை; அதோடு அவளுக்குரியது அவரிடம் போய்க்கொண்டிருக்கும்போது அவளைச் சுட நெருப்பிடம் என்ன மிச்சம் இருக்கும். அவள் நாலா பக்கமும் பார்த்தாள். உட்கார்ந்து பார்க்கும்போது ஊர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பவள்போல இருந்தது. பிறகு கூட்டத்தின் ஓரத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்:

"ஏட்டி சந்தனமாரி, ஏன் நிக்க? வந்து உக்காரு."

சந்தனமாரி தட்டைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பூக்குழிக் கரையில் மணலில் உட்கார்ந்தாள். அழவில்லை. உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அவளைப் பார்த்து நைட்டி உட்கார்ந்தாள், சுடிதார் உட்கார்ந்தாள், கடைத்தெருவில் நிற்கிற அத்தனை பெண்களும் உட்கார்ந்தார்கள். திடலில் கடைசிவரை நின்றுகொண்டிருந்தவர் ஒருவர்தான்.

அவர் இன்றைக்கும் நிற்கிறார். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அண்ணாச்சியால் எதன்மேலும் உட்கார முடியவில்லை. மெத்தை, மணை, பஞ்சுமூட்டை, எது பட்டாலும் கங்குதான். தன் கால்களின் உணர்வை முப்பிடாதி இன்னும் திருப்பிக் கேட்கவில்லை, அவசரமில்லை என்கிறாள். கடையில் இப்போது ஆளுக்கொரு முக்காலி. அவர்கள் உட்கார்ந்தபடி விரிக்கிறார்கள், உட்கார்ந்தபடி மடிக்கிறார்கள், யாபாரம் உட்காரவில்லை. கல்லாவுக்குப் பின்னால், கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை, அண்ணாச்சி நிற்கிறார், கால் மாற்றிக்கூட நிற்க முடியாமல்.

போன ஆடித் தள்ளுபடியில் சந்தனமாரி சேலை எடுக்க வந்தாள். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மேல்தட்டில் இருந்ததையெல்லாம் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக முந்தி விரித்து, கரை பார்த்து, பன்னீர் சோடா குடித்து, மறுபடி முதலிலிருந்து பார்த்து, பொழுதெல்லாம் போக்கி, கடைசியில் ஒரே ஒரு ப்ளவுஸ் பிட் எடுத்தாள். கல்லாவுக்கு வந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேர்த்து ஊத்துதே அண்ணாச்சி. செத்த உக்காருங்களேன்."

"இருக்கட்டும் சந்தனமாரி" என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி. "நின்னே பழகிப்போச்சு."